மதுரைச் சுவர்களில் அரசியல்: சுவரெழுத்தும் சுவரொட்டியும்

சுவரெழுத்து, சுவரொட்டி, தட்டி, கட்அவுட், ஃபிளக்ஸ் பதாகை எனப் பல வடிவங்களில் வரும் தெருவோர விளம்பரம் தமிழ்நாட்டு அரசியலோடு சேர்ந்தே வளர்ந்த ஒன்று. மாநிலம் முழுவதும் இவ்வழக்கம் உண்டு என்றாலும் மதுரைக்கு இதில் தனிப் பெயர் இருக்கிறது. தலைவரின் பிறந்தநாள், கட்சி மாநாடு, புதுப்படம், காதணி விழா, இறப்பு என எதுவானாலும் சுவரில் ஒட்டினால்தான் அது நடந்ததாகப் பொருள் என்று பிற மாவட்டத்தார் மதுரைக்காரர்களைக் கேலி செய்வார்கள். கேலியில் உண்மை உண்டு. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் ஒரு நீண்ட வரலாறு கண்ணில் படாமல் போய்விடும். செய்தித்தாளில் பெயர் வராதவர்களுக்கும் மேடையில் இடம் கிடைக்காதவர்களுக்கும் ஊரார் கண்ணில் படக் கிடைத்த ஒரே இடம் சுவர். அந்தச் சுவரில் யார் எழுதினார்கள், யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பது கடந்த எழுபது ஆண்டுகளில் பெரிதும் மாறியிருக்கிறது.

நகரின் அமைப்பும் இதற்கு ஒரு காரணம். மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் சதுரம் சதுரமாக அமைந்துள்ளன. 1840-களில் மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் பழைய கோட்டை மதிலை இடிக்கச் செய்தபின் வெளி வீதிகள் உருவாயின. கடைக்கோ கோவிலுக்கோ நீதிமன்றத்துக்கோ வரும் எவரும் இந்த வீதிகளைத் தொடாமல் போக முடியாது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான், வாடிப்பட்டி எனச் சுற்றுப்புறச் சமவெளியின் ஊர்கள் எல்லாவற்றுக்கும் சந்தையும் மருத்துவமனையும் திருவிழாவும் மதுரைதான். சிம்மக்கல்லிலோ கோரிப்பாளையத்திலோ இரவில் ஒட்டப்பட்ட ஒரு தாளின் சேதி மறுநாள் மாலைப் பேருந்துகளில் ஏறிக் கிராமங்களுக்குப் போய்விடும்.

சுவரெழுத்தின் வேரைக் கோவில் ஓவியங்களில் தேடும் கட்டுரைகள் சில உண்டு. அது அவ்வளவாகப் பொருந்தவில்லை. கோவில் ஓவியத்துக்குப் புரவலர் இருந்தார். சுவரெழுத்துக்கோ பல சமயம் சுவரின் சொந்தக்காரர் சம்மதம்கூடக் கிடையாது.

தாரும் தூரிகையும்

1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றிருந்தவர்கள் ஏறத்தாழ 18 விழுக்காடு. அப்படிப்பட்ட நாட்டில் சுவரில் எழுதி என்ன பயன் என்ற கேள்வி எழலாம். எழுத்தறிந்த ஒருவர் நின்று உரக்கப் படிக்க, பக்கத்தில் பத்துப் பேர் கேட்பது அன்றைய வழக்கம். டீக்கடையில் நாளிதழ் படிக்கப்பட்டதும் அவ்வாறே. சுவரெழுத்தில் வரி குறைவு, எழுத்து பெரிது. ஆகவே எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவருக்கு அது ஒரு பாடப் பலகையாகவும் இருந்தது.

திராவிட இயக்கம் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தது. தார்ச் சட்டியும் தூரிகையுமாக ஊர் ஊராகச் சென்று பெரியாரின் கருத்துகளைச் சுவர்களில் எழுதிய ஒரு தொண்டர் 'சுவரெழுத்து சுப்பையா' என்றே பெயர் பெற்றார். எழுதிய வேலையே ஒருவருக்குப் பட்டமாக அமைந்தது இயக்க வரலாற்றில் அரிது. தாருக்கு ஒரு சிறப்பு உண்டு. சுண்ணாம்பு அடித்தாலும் அது மறையாது. அடியிலிருந்து மஞ்சளாகக் கசிந்து மேலே வரும். எதிர்ப்பாளர் அழிக்க நினைத்தாலும் எளிதில் முடியாது.

எழுதுவதற்கு மட்டுமல்ல, அழிப்பதற்கும் தார் பயன்பட்டது. 1952 ஆகஸ்ட் 1 அன்று ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் இருந்த இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழிக்கும் போராட்டத்தைப் பெரியார் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஜூலை 15 அன்று, திருச்சிராப்பள்ளியை அடுத்த டால்மியாபுரம் ரயில் நிலையத்தில் மு. கருணாநிதியும் தோழர்களும் அந்தப் பெயர்ப் பலகையின் மேல் 'கல்லக்குடி' என்ற பெயர்த் தாளை ஒட்டினார்கள். பின்னர் தண்டவாளத்தில் படுத்தார்கள். பாடநூல்களில் தண்டவாளத்தில் படுத்ததுதான் பெரிதாகப் பேசப்படுகிறது. ஆனால் அந்தப் போராட்டத்தின் முதற்செயல் ஒரு தாளைப் பசை தடவி ஒட்டியதுதான். ஊரின் பெயரை யார் எழுதுவது என்ற கேள்வியை அந்த ஒற்றைத் தாள் எழுப்பியது.

எழுத்து வடிவம் பற்றியும் ஒரு குறிப்பு. பெரியாரின் இதழ்கள் 1935 முதலே சீர்திருத்த எழுத்துகளைக் கையாண்டன. அரசு அவற்றை ஏற்றது 1978-இல். துதிக்கை போட்ட பழைய 'லை'யை மாணவர்கள் பள்ளியில் எழுதிப் பழகிய காலத்தில், புதிய 'லை' இயக்க ஏடுகளின் வழியே ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்திருந்தது.

நாடகத் திரையும் சிவகாசி அச்சும்

எழுத்தோடு முகமும் சுவருக்கு வந்ததற்குப் பின்னால் இரண்டு தொழில்கள் உள்ளன. ஒன்று நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். சிறுவனாக நடித்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும் மதுரைப் பெயர் கொண்டதே. நாடகக் குழுக்களுக்கு அரண்மனை, காடு, தெரு எனக் காட்சித் திரைகள் தேவைப்பட்டன. அவற்றை எழுதிய ஓவியர்கள் தொலைவிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி வரையக் கற்றவர்கள். பேசும் படம் வந்து நாடகம் தளர்ந்தபோது அந்தக் கைகள் வேறு வேலைக்குத் திரும்பின. அவர்களுள் புகழ்பெற்றவர் சி. கொண்டையராஜு (1898–1976). நாடகத் திரை எழுதிய அவர் கோவில்பட்டியில் தங்கித் தெய்வப் படங்கள் வரைந்தார். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த நாட்காட்டிப் படங்கள் தமிழகத்தில் புகாத வீடு குறைவு.

மற்றொன்று சிவகாசி. மதுரையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ண லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படிப் பெருகிய அச்சகங்கள், முதலில் கல்லச்சு எனப்படும் லித்தோ முறையிலும் பின்னர் ஆஃப்செட்டிலும், நாட்காட்டிகளையும் சினிமாச் சுவரொட்டிகளையும் அச்சிட்டன. கட்சிகளுக்குத் தேவைப்பட்டபோது இயந்திரம், மை, ஆள் எல்லாம் ஆயத்தமாக இருந்தன.

கன்னத்தில் இளஞ்சிவப்பு, முகத்தில் நிழலில்லாத ஒளி, தலைக்குப் பின்னால் ஓர் ஒளிவட்டம் என, நாட்காட்டி முருகனுக்கு உரிய இந்த அழகுகள் பின்னாளில் தலைவர்களின் முகங்களுக்கும் வந்து சேர்ந்தன. தலைவரைத் தெய்வமாக்கியது கட்சி மட்டும் அல்ல. ஓவியரின் பழகிய கையும் அதில் ஒரு பங்கு வகித்தது.

கட்டுப் போட்ட கழுத்து

1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். நடிகர் எம்.ஆர். ராதாவால் சுடப்பட்டார். அடுத்த மாதம் சட்டமன்றத் தேர்தல். பரங்கிமலைத் தொகுதியில் தி.மு.க. வேட்பாளராக நின்ற அவரால் பரப்புரைக்கு வர இயலவில்லை. கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் அவர் இருந்த புகைப்படம் சுவரொட்டியாக அச்சிடப்பட்டு மாநிலம் முழுவதும் ஒட்டப்பட்டது. பேச முடியாத ஒருவர் எல்லாத் தெருமுனைகளிலும் ஒரே நேரத்தில் நின்றார்.

தி.மு.க. வென்றதற்கு அந்தப் படமே காரணம் என்று எழுதுவது மிகை. அரிசித் தட்டுப்பாடும், 1965 ஜனவரி 25 அன்று மதுரை வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் அலுவலகத்தின் முன் மூண்ட மோதலிலிருந்து மாநிலம் முழுவதும் பரவிய இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியும் அதற்கு முன்பே தளம் அமைத்திருந்தன. மதுரைக்குத் தெற்கே விருதுநகரில் காமராசரே மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். எனினும் ஒரு புகைப்படம் வாசகத்தின் துணையில்லாமலே தேர்தலில் பேச முடியும் என்பதைக் கட்சிகள் அந்த ஆண்டில் கண்டுகொண்டன.

1973 மே

மதுரை வட்டாரச் சுவர்களின் வரலாற்றில் ஒரே ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் அது 1973 மே மாதம். எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு, 1972 அக்டோபர் 17 அன்று அண்ணா தி.மு.க.வைத் தொடங்கியிருந்தார். புதுக் கட்சி சந்தித்த முதல் பெரிய தேர்தல் திண்டுக்கல் மக்களவைத் தொகுதி இடைத்தேர்தல். திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தின் பகுதி. வேட்பாளர் கே. மாயத்தேவர். புதுக் கட்சிக்கு நிலையான சின்னம் இல்லை. இருந்த சின்னங்களின் பட்டியலிலிருந்து இரட்டை இலை தேர்ந்தெடுக்கப்பட்டது. சுவரில் எளிதாக வரைய முடியும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று.

அக்காரணம் நம்பத்தக்கதே. இரண்டு வளைவும் ஒரு காம்பும் போட்டால் இலை வந்துவிடும். பச்சை ஒரு நிறமே போதும். பச்சை இல்லாவிட்டால் காவி, அதுவும் இல்லாவிட்டால் கரித்துண்டு. ஓவியர் வேண்டியதில்லை, மாடு மேய்க்கும் சிறுவன்கூட வரைவான். மலைக்கு இடையே சூரியனும் கதிரும் வரைய ஓரளவேனும் கை பழகியிருக்க வேண்டும். காங்கிரசின் பழைய இரட்டைக் காளையை வரைய ஓவியரே வேண்டும். ஆறு மாதக் கட்சியொன்றின் சின்னம் சில வாரங்களில் கிராமம் கிராமமாகப் பரவியதற்கு இந்த எளிமை உதவியது.

அதே மாதம் 11-ஆம் நாள் எம்.ஜி.ஆர். இயக்கி நடித்த 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது. சுவரொட்டிக்கான வரி சென்னையில் உயர்த்தப்பட்டதால் படத்துக்குச் சுவரொட்டி ஒட்டுவதில்லை என முடிவு செய்து, சிறு ஸ்டிக்கர்களை அச்சிட்டார்கள் என்பது படத்தைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ஆட்டோவிலும் கடைக் கதவிலும் சைக்கிளிலும் ஸ்டிக்கர் ஏறியது. மதுரையின் முதல் மேயரான மதுரை முத்து, இப்படம் வெளிவந்து ஓடினால் புடவை கட்டிக்கொள்வதாகச் சவால் விட்டதும் அந்நாளைய பேச்சு. மதுரை மீனாட்சி திரையரங்கில் படம் 200 நாள்களைத் தாண்டி ஓடியது. (முத்து பிற்காலத்தில் எம்.ஜி.ஆர். கட்சியிலேயே சேர்ந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

படம் வெளியான ஒன்பதாம் நாள், மே 20, திண்டுக்கல்லில் வாக்குப்பதிவு. மாயத்தேவர் பெரும் வேறுபாட்டில் வென்றார். பழைய காங்கிரஸ் இரண்டாமிடம் பெற்றது, ஆளும் தி.மு.க. மூன்றாமிடத்துக்குப் போனது. சென்னையில் சுவரைத் தடுத்துப் பார்த்தார்கள். மதுரைச் சமவெளியில் சுவர் தானே வந்து பேசியது.

சுவர் பிடித்தல்

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் சுவரெழுத்தின் உச்சகாலம் எனலாம். தேர்தல் அறிவிப்புக்கு மாதங்கள் முன்பே 'சுவர் பிடிக்கும்' வேலை தொடங்கும். நல்ல சாலையோரச் சுவரைக் கண்டால் வெள்ளையடித்து, ஓரத்தில் கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதிவிடுவார்கள். அதன்பின் அச்சுவர் அந்தக் கட்சிக்கு உரியது. எதிர்க்கட்சிக்காரர் அதன்மேல் எழுதினால் கைகலப்பு நிச்சயம். வீட்டுக்காரர் பெரும்பாலும் வாய் திறக்க மாட்டார். செலவில்லாமல் வெள்ளையடித்துக் கிடைக்கிறதே என்று மகிழ்ந்தவர்களும் உண்டு.

சுண்ணாம்பில் சிறிது பசை கலந்து இரண்டு பூச்சு. அது உலர்ந்தபின் நூலில் நீலத்தைத் தோய்த்துச் சுண்டி வரி இழுப்பார்கள். தலைமை ஓவியர் எழுத்தின் வெளிக்கோட்டைப் போட்டுக்கொண்டே நகர்வார். பின்னால் வரும் உதவியாளர்கள் நிறம் நிரப்புவார்கள். எழுத்துக்கு நிழல் போடுவது கடைசி வேலை. ஓர் இரவில் ஒரு குழு ஒரு சாலை முழுவதும் எழுதிவிடும். பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஏணி, டீ, இட்டிலிப் பொட்டலம், இவைதான் கூடவரும் துணை. கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுபவரும் சினிமா பேனர் எழுதுபவரும் இவர்களே. இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று அவர்கள் பார்த்ததில்லை. காலையில் சூரியன் எழுதிய கை மாலையில் இலை எழுதும்.

சுவரொட்டி ஒட்டுவது தனித் தொழில். மைதா மாவைக் கொதிக்கும் நீரில் கரைத்துக் காய்ச்சிப் பசை எடுப்பார்கள். பூச்சி அரிக்காமலும் மாடு தின்னாமலும் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். கலக்க மறந்தால் விடிவதற்குள் பாதித் தலைவர் மாட்டின் வயிற்றில் இருப்பார். நள்ளிரவுக்குப் பின் சைக்கிளில் வாளியும் தாள்கட்டுமாகப் புறப்படுவார்கள். எந்தச் சந்திப்பில் பேருந்து நிற்கும், எங்கே நிற்பவர் கண் எந்த உயரத்தில் படும் என்பது அவர்களுக்கு அத்துபடி.

உயரம் பற்றிய போட்டி இன்னொரு பக்கம் நடந்தது. 1957-இல் 'வணங்காமுடி' படத்துக்குச் சென்னை சித்ரா திரையரங்கில் சிவாஜி கணேசனுக்கு 80 அடியில் வைக்கப்பட்ட கட்அவுட் இன்றும் பேசப்படுகிறது. அரசியல் மாநாடுகள் இதை எடுத்துக்கொண்டன. 1981 ஜனவரியில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு, 1986-இல் நடந்த எம்.ஜி.ஆர். மன்ற மாநாடு போன்றவை நகரத்தை அலங்கார வளைவுகளால் மூடின. 2005 செப்டம்பர் 14 அன்று விஜயகாந்தும், 2018 பிப்ரவரி 21 அன்று கமல்ஹாசனும் தங்கள் கட்சிகளை மதுரையில் தொடங்கினார்கள். திரையிலிருந்து அரசியலுக்கு வருபவர் மதுரையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணங்கள் பல. ரசிகர் மன்றங்களும் அவை பிடித்து வைத்திருக்கும் சுவர்களும் அவற்றுள் அடங்கும்.

கீழ்வரிசைப் படங்கள்

1960-களின் சுவரெழுத்து வழிப்போக்கரைப் பார்த்துப் பேசியது: விலைவாசி இது, கோரிக்கை இது, சின்னம் இது. 1980-களுக்குப் பிறகு வந்த சுவரொட்டியின் முகம் மெல்ல வேறு பக்கம் திரும்பியது. மேலே தலைவரின் பெரிய படம். நடுவில் சிங்கம், புலி, சூறாவளி என அடைமொழிகள். கீழே ஒட்டியவரின் படமும் பெயரும் வட்டக் கிளைப் பொறுப்பும். இச்சுவரொட்டி வாக்காளரிடம் எதையும் கேட்பதில்லை. தலைவர் காரில் போகும்போது கண்ணில் பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு விண்ணப்பம். அடுத்த பதவிக்கான விண்ணப்பத்தை ஊரே பார்க்கும்படி ஒட்டி வைப்பது மதுரையில் ஒரு கலையாகவே வளர்ந்தது.

மதுரையில் 1990-களில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலர் பெர்னார்டு பேட், மேடைத் தமிழைப் பற்றி 2009-இல் வெளியிட்ட நூலில் இந்தப் புகழ்மொழிகளைப் பக்தி இலக்கிய மரபோடு வைத்துப் பார்த்தார். இது பயனுள்ள பார்வை. ஆனால் பக்தர் இறைவனிடம் கேட்டது அருள். கிளைச் செயலாளர் கேட்பது மாமன்ற உறுப்பினர் பதவி என்ற வேறுபாட்டையும் மறந்துவிடக் கூடாது.

பிரான்சோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 1968 மே மாதக் கிளர்ச்சியில் பாரிஸ் நுண்கலைப் பள்ளி மாணவர்கள் பட்டுத்திரை அச்சில் நூற்றுக்கணக்கான சுவரொட்டிகளை அடித்தார்கள். எதிலும் ஓவியர் பெயர் கிடையாது. பெயர் போடாததையே கொள்கையாக வைத்திருந்தார்கள். மதுரைச் சுவரொட்டியில் பெயர் இல்லாவிட்டால் ஒட்டியதற்கே பொருளில்லை. வாசகம் சிறிதாகலாம், பெயர் சிறிதானால் சண்டை வரும். எந்த வரிசையில் யார் படம், யார் படம் எத்தனை அங்குலம் என்பதில் கட்சிக்குள் இருக்கும் ஏற்ற இறக்கம் முழுவதும் தெரிந்துவிடும். ஆகவே யார் படம் விடுபட்டது என்பதைத்தான் கட்சிக்காரர்கள் முதலில் பார்ப்பார்கள்.

இந்த வாசிப்பு வெறும் வம்பு அன்று. 2014 ஜனவரி தொடக்கத்தில் மதுரையில் மு.க. அழகிரியின் ஆதரவாளர்கள் ஒட்டிய சுவரொட்டிகளைத் தொடர்ந்து தி.மு.க. தலைமை அதன் மதுரை மாநகர் மாவட்ட அமைப்பையே கலைத்தது. அதே மாதம் 24-ஆம் நாள் அழகிரி கட்சியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டார். மார்ச் மாதம் முழுமையாக நீக்கப்பட்டார். கருத்து வேறுபாடு பல ஆண்டு பழையது. ஆனால் நடவடிக்கைக்கு உடனடிக் காரணமாக அமைந்தது சுவரில் ஒட்டிய தாள்.

இடம் கேட்ட சுவர்கள்

மேற்கண்டதை மட்டும் பார்த்துச் சுவரொட்டியைப் புகழ் வெறி என்று ஒதுக்குவோர் இன்னொரு வரலாற்றையும் பார்க்க வேண்டும். தடய அறிவியல் துறைப் பணியில் மதுரையில் இருந்த தொல். திருமாவளவன், 1990 ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கர் நூற்றாண்டின்போது, மதுரை கே. புதூரில் நீலமும் சிவப்பும் கொண்ட விடுதலைச் சிறுத்தைகளின் கொடியை ஏற்றினார். அவ்வியக்கம் 1999 வரை தேர்தலில் நிற்கவில்லை. ஆனாலும் அந்த ஒன்பது ஆண்டுகளில் மதுரையைச் சுற்றியுள்ள சேரிகளின் சுவர்களிலும் பாலங்களிலும் 'அடங்க மறு, அத்து மீறு' என்ற முழக்கம் பெரிய எழுத்தில் எழுதப்பட்டது. வாக்குக் கேட்காத கட்சி ஏன் சுவரில் எழுத வேண்டும்?

இங்கே எழுதியவர் தன் தலைவருக்கு மனுப் போடவில்லை. ஊரின் பொதுப் பாதையில், டீக்கடைச் சுவரில், பேருந்து நிறுத்தத்தில் தன் பெயரும் தன் தலைவர் படமும் இருக்கலாமா என்பதே அங்கே கேள்வி. இரட்டைக் குவளை வைத்திருந்த ஊரில், ஒடுக்கப்பட்டவர் கை வரைந்த அம்பேத்கர் முகம் பொதுச்சுவரில் நின்றால் அது விளம்பரம் அன்று. எல்லையைத் தாண்டிய செயல். தலித் இயக்கங்களை ஆராய்ந்து 2005-இல் நூல் வெளியிட்ட ஹியூகோ காரிஞ்சு இத்தகைய கொடிக்கம்பம், பெயர்ப் பலகைப் போட்டிகளைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

இதற்குக் கொடுக்கப்பட்ட விலை சிறிதன்று. மேலூர் வட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் சென்றவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர் எழுதியது சுவரில் அல்ல. தனித்தொகுதியாக அறிவிக்கப்பட்ட ஊராட்சியில் வேட்புமனுவில் பெயர் எழுதினார், வென்றார். பெயர் தெரிவதே குற்றமாகக் கருதப்பட்ட நிலத்தில், ஆண்டுதோறும் அந்நாளில் ஒட்டப்படும் நினைவுச் சுவரொட்டிக்கு உள்ள பொருளை மாசி வீதிப் பிறந்தநாள் சுவரொட்டியோடு ஒப்பிட முடியாது.

சுவரொட்டி எல்லோருக்கும் திறந்திருந்தது என்பதால் எல்லாச் சாதி அமைப்புகளும் அதைக் கையில் எடுத்தன. தலைவர்களின் நினைவு நாள்களையொட்டிச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் ஒட்டப்படும் தாள்களில் மீசையும் வாளும் ஆண்ட பரம்பரைப் பெருமையும் நிறைந்திருக்கும். ஒரு தாளைக் கிழித்ததாக எழும் பேச்சு மறியலிலும் கல்வீச்சிலும் முடிவதுண்டு. அந்த வாரங்களில் காவல்துறை அச்சக உரிமையாளர்களை அழைத்து வாசகங்களைப் பற்றி எச்சரிப்பது வழக்கமாகிவிட்டது.

சட்டமும் ஃபிளக்சும்

சட்டம் இல்லாமல் இல்லை. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959-லேயே மாநிலச் சட்டம் வந்துவிட்டது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1961-இல் சேர்க்கப்பட்ட 127-ஏ பிரிவின்படி தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை. சுவரொட்டியின் அடியில் பொடி எழுத்தில் அச்சகப் பெயர் இருப்பது இதனால்தான். ஆயினும் சட்டத்தைக் காக்க வேண்டிய ஆளுங்கட்சியே அதிகம் ஒட்டியதால் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் ஏட்டில் இருந்தது. சுவர்களை உண்மையில் துடைத்தது தேர்தல் ஆணையம். 1990-களில் டி.என். சேஷன் காலத்தில் தொடங்கிய கெடுபிடி, 2011 சட்டமன்றத் தேர்தலில் மதுரைச் சுவர்களை ஏறத்தாழ வெறுமையாக்கியது.

அதற்குள் தொழில்நுட்பமும் மாறியிருந்தது. 2000-களின் தொடக்கத்தில் வந்த ஃபிளக்ஸ் அச்சு, ஓவியர் நான்கு நாள் எழுதும் பேனரைச் சில மணி நேரத்தில் தந்தது. முகம் புகைப்படமாகவே வந்தது. எழுத்து கணினி எழுத்துருவாக வந்தது. பேனர் ஓவியர்கள் சிமெண்ட், ஜவுளிக் கடை விளம்பரங்களுக்கும், பள்ளிச் சுவர்களுக்கும், கோவில் வண்ணப் பூச்சுக்கும் போனார்கள். பலர் தூரிகையையே விட்டார்கள். தார் எழுத்து பல ஆண்டு நிற்கும். சுண்ணாம்பு எழுத்து இரண்டு மழை தாங்கும். ஃபிளக்ஸ் விழா முடிந்ததும் கழற்றப்பட்டு, மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகிறது.

சாலையோரம் நடப்பட்ட ஃபிளக்ஸ் சுவரொட்டிக்கு இல்லாத ஆபத்தையும் கொண்டுவந்தது. 2018 டிசம்பரில் டிஜிட்டல் பேனர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தடை இருக்கும்போதே 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் ஒரு திருமண பேனர் சரிந்து விழ, ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் ஒருவர் பின்னால் வந்த லாரியில் சிக்கி உயிரிழந்தார். அதன்பின் சில மாதம் கட்சிகள் பேனர் வைப்பதில்லை என்று உறுதி சொன்னார்கள். அந்த உறுதி எவ்வளவு நாள் நின்றது என்பதை மாட்டுத்தாவணிச் சாலையில் ஒருமுறை போய்வருபவர் அறிவார்.

இதற்கு மாறான காட்சி 2017 ஜனவரியில் கிடைத்தது. ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து அலங்காநல்லூரிலும் மதுரை தமுக்கத்திலும் இளைஞர்கள் கூடியபோது கட்சிக் கொடிகளுக்கு இடம் தரவில்லை. அவர்கள் ஏந்தியவை பெரும்பாலும் சார்ட் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியவை. அச்சகப் பெயர் இல்லை. கீழ்வரிசைப் படமும் இல்லை. எழுத்துப் பிழைகள் தாராளமாக இருந்தன. சில கைபேசித் திரையில் பரவிய கேலிப் படங்களின் நகல். கணினி எழுத்துருவுக்குப் பழகிய கண்களுக்கு அந்தக் கோணல் எழுத்துகள் புதிதாகத் தெரிந்தன.

கட்சிக்காரர்கள் கண்டுபிடித்த இந்த வடிவத்தை மதுரையின் எளிய மக்கள் தங்கள் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டார்கள். காதணி விழாவுக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் ஒட்டப்படும் தாள்களில் தாய்மாமன்கள் கிளைச் செயலாளர்களைப் போலவே வரிசையாக நிற்கிறார்கள். யார் படம் விடுபட்டது என்ற சண்டையும் அப்படியே வந்துவிட்டது. இறப்புக்குக் 'கண்ணீர் அஞ்சலி' ஒட்டுவது அதைவிடப் பரவலானது. மூட்டை தூக்கிய தொழிலாளி, இட்டிலிக் கடை நடத்திய மூதாட்டி, ஆட்டோ ஓட்டுநர் என வாழ்நாளில் ஒருமுறைகூடச் செய்தித்தாளில் படம் வராதவர்கள், இறந்த மறுநாள் காலையில் தெருமுனைச் சுவரில், இரண்டு வண்ணத்தில், நடுவில் பெரிய படமாக இருக்கிறார்கள். தோற்றம், மறைவு என இரண்டு தேதிகள். கீழே பேரன் பேத்திகளின் பெயர்கள். பக்கத்திலேயே பாதி கிழிந்த கட்சிச் சுவரொட்டியும் இருக்கும். பசை இரண்டுக்கும் ஒன்றுதான்.